பேயைப் பிடித்த எழுத்து

1469-ஆம் ஆண்டு மார்ச் முதல் தேதி. ப்ரூஜ் நகரத்தில் ஓர் ஆங்கிலேயத் துணி வியாபாரி, சும்மா இருக்கப் பிடிக்காமல், ஒரு பிரெஞ்சுப் புத்தகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க உட்கார்ந்தார். பெயர் வில்லியம் காக்ஸ்டன். கென்ட் பகுதியில் பிறந்து, லண்டனில் ஜவுளித் தொழில் கற்று, கடல் கடந்து வந்து, இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் அந்த ஊரிலேயே நிலைத்துவிட்டவர். அங்கிருந்த ஆங்கில வணிகர்களுக்கெல்லாம் தலைவராகவும் இருந்தவர். பணத்துக்குக் குறைவில்லை. குறை அவருடைய ஆங்கிலத்தில்தான் இருந்தது, அல்லது இருப்பதாக அவர் நினைத்தார். ஐந்தாறு கட்டுத் தாள்கள் எழுதியதும் கை நின்றுவிட்டது. தன்னுடையது கென்ட் காட்டுப்புறத்துக் கொச்சை, இதை யார் படிப்பார்கள் என்று கூச்சப்பட்டு எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்தார். ஏறக்குறைய இரண்டு வருடம் அந்த மூட்டையை யாரும் பிரிக்கவில்லை.

பிரிக்கச் சொன்னவர் ஒரு கோமகள். பர்கண்டிக் கோமகன் சார்லஸின் மனைவி மார்கரெட். இங்கிலாந்து அரசர் நான்காம் எட்வர்டின் தங்கை. மொழிபெயர்ப்பு விஷயம் பேச்சுவாக்கில் காதுக்கு எட்டியதும் தாள்களைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார். ஆங்கிலத்தில் ஒரு குறையைக் கண்டுபிடித்துத் திருத்தச் சொன்னார். திருத்திய கையோடு மிச்சத்தையும் முடித்துவிடச் சொன்னார். அரண்மனை வாக்கை மறுக்கவா முடியும்? 1471 செப்டம்பர் 19 அன்று, ஜெர்மனியின் கொலோன் நகரத்தில், ட்ராய் நகரத்துக் கதைகளின் அந்தப் பெரிய தொகுப்பு ஆங்கிலத்தில் நிறைவடைந்தது. காக்ஸ்டனின் தலைவலி அன்றைக்குத்தான் ஆரம்பித்தது.

எனக்கொரு பிரதி, உனக்கொரு பிரதி என்று பெரிய மனிதர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். அந்தக் காலத்தில் பிரதி என்றால் முதலிலிருந்து கடைசிவரை கையால் எழுதியாக வேண்டும். புத்தகமோ அச்சில் 700 பக்கத்தைத் தொட்ட பிரம்மாண்டம். பேனா தேய்ந்துபோயிற்று, கை ஓய்ந்துபோயிற்று, வெள்ளைத் தாளைப் பார்த்துப் பார்த்துக் கண் மங்கிப்போயிற்று என்று அவரே பின்னால் புலம்பி எழுதினார். ஆனால் அவர் புலம்பிக்கொண்டிருந்த ஊர் சாதாரண ஊர் அல்ல. ஜெர்மனியில் குட்டன்பர்க் தொடங்கிவைத்த ஒரு புதுத் தொழில் கொலோனில் அப்போது மும்முரமாக நடந்துகொண்டிருந்தது.

ஐம்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்த அந்த ஜவுளிக்காரர், கைக்காசைச் செலவழித்து அச்சுத் தொழிலைக் கற்றுக்கொண்டார். ப்ரூஜுக்குத் திரும்பி 1473, 1474 வாக்கில் தன் ட்ராய் கதைகளை அச்சடித்து வெளியிட்டார். உலகில் முதன்முதலாக அச்சான ஆங்கிலப் புத்தகம் அதுதான். அது இங்கிலாந்தில் பிறக்கவில்லை என்பது ஒரு வேடிக்கை. அதைவிடப் பெரிய வேடிக்கை, 1476-இல் காக்ஸ்டன் அச்சு இயந்திரத்தோடு லண்டனுக்குப் பக்கத்தில் வெஸ்ட்மின்ஸ்டரில் வந்து இறங்கியபோது காத்திருந்தது.

இயந்திரம் இருந்தது, மை இருந்தது, ப்ரூஜ் பக்கத்து ஃபிளெமிஷ் கையெழுத்துப் பாணியில் வார்த்த ஈய எழுத்துகள் இருந்தன. கோர்க்க ஆள் இல்லை. இங்கிலாந்தில் அச்சகம் என்ற ஒன்றே அதுவரை கிடையாது என்னும்போது கம்பாசிட்டர் எங்கிருந்து கிடைப்பார்? அதனால் கடலுக்கு அப்பாலிருந்து ஆட்கள் வந்தார்கள். காக்ஸ்டனுக்கு வலது கையாக இருந்து, பின்னால் அவருடைய அச்சகத்துக்கே வாரிசாக ஆன விங்கின் டி வொர்ட் என்பவரும் ஐரோப்பாக் கண்டத்திலிருந்து வந்தவர்தான். தொழிலில் புலிகள். ஆனால் அவர்கள் வரி வரியாகக் கோர்க்க வேண்டிய மொழி அவர்களுடையது அல்ல. அந்த மொழிக்காரர்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால், அதிலும் ஒரு சிக்கல் இருந்தது.

அந்தச் சிக்கலை விளக்கக் காக்ஸ்டனே ஒரு கதை சொன்னார். 1490-இல் வெளியிட்ட ஒரு புத்தகத்தின் முன்னுரையில் அது இருக்கிறது. தேம்ஸ் நதியிலிருந்து ஹாலந்துப் பக்கம் புறப்பட்ட சில வணிகர்கள், காற்று வீசாததால் கென்ட் கரையோரம் ஒதுங்கினார்கள். அவர்களில் ஷெஃபீல்ட் என்பவர் ஒரு வீட்டுக் கதவைத் தட்டிச் சாப்பிட ஏதாவது வேண்டும், குறிப்பாக முட்டை வேண்டும் என்றார். முட்டைக்கு அவர் சொன்ன சொல், இன்றைக்கு எல்லோரும் சொல்லும் ‘எக்’கின் மூதாதை. வீட்டுக்காரப் பெண்மணி, எனக்குப் பிரெஞ்சு தெரியாது என்றார். வணிகருக்குக் கோபம் வந்துவிட்டது. பிரெஞ்சு அவருக்கும்தான் தெரியாது! பக்கத்திலிருந்த இன்னொருவர் சமயோசிதமாக ‘ஐரென்’ என்றார். தெற்கத்திப் பழைய ஆங்கிலத்தில் முட்டைக்கு அதுதான் பெயர். பெண்மணிக்கு உடனே புரிந்தது. முட்டை என்ற ஒரு சொல்லுக்கே இந்தக் கதியென்றால் இந்தக் காலத்தில் எதை எழுதுவது என்று காக்ஸ்டன் அலுத்துக்கொண்டார். தீர்மானிக்க வேண்டிய இடத்தில் அவர்தான் உட்கார்ந்திருந்தார். அவர் தீர்மானிக்காமல் விட்டதையெல்லாம் அவருடைய அச்சுக்கூடம் தீர்மானித்தது.

எழுத்துக்கூட்டு என்று ஊரெங்கும் பொதுவான ஒன்று அப்போது ஆங்கிலத்துக்கு இல்லை. ஒரே பக்கத்தில் ஒரே சொல்லை மூன்று விதமாக எழுதினாலும் யாரும் தப்பு சொல்லவில்லை. வரி குறுகி நின்றால் ஓர் எழுத்தைச் சேர்த்து நீட்டலாம், நீண்டால் ஒன்றைக் கழற்றலாம். இப்படி வாசல் திறந்து கிடந்த வீட்டில்தான் ஃபிளெமிஷ் பழக்கம் உள்ளே நுழைந்தது. அந்தப் பக்கத்து மொழியில் சொல்லின் தொடக்கத்தில் ஜி வந்து, அடுத்து ஈ, ஐ போன்ற உயிர்கள் வந்தால், இடையில் ஓர் எச் போடுவது எழுதுகிறவர்களின் வழக்கம். அவர்கள் வாயில் அந்த ஜி கடினமான ‘க’ அல்ல. மகன், நகம் என்று சொல்லும்போது நடுவில் இளகி வருகிறதே ஒரு க, ஏறக்குறைய அந்த ஓசையைத் தொண்டையில் இன்னும் கொஞ்சம் உரசினால் வருவது. ஆங்கிலத்தில் சொல்லின் முதலில் அந்த ஓசையும் இல்லை, அந்த எச்சுக்கு வேலையும் இல்லை. இருந்தும் கை பழக்கத்தை விடவில்லை.

வெஸ்ட்மின்ஸ்டரிலிருந்து வந்த புத்தகங்களில் விசித்திரமான பிராணிகள் உலவ ஆரம்பித்தன. கூஸ் என்ற வாத்துக்கு ஜி-க்குப் பின்னால் ஓர் எச் முளைத்தது. கோட் என்ற ஆட்டுக்கு ஓர் எச். கேர்ள் என்ற பெண்பிள்ளைக்கு ஓர் எச். ஊகிப்பதைக் குறிக்கும் ‘கெஸ்’ஸையும் அது விடவில்லை. குற்றவாளி கம்பாசிட்டர்களா, முப்பது ஆண்டுக் காலம் ஃபிளெமிஷ் நாட்டிலேயே வாழ்ந்துவிட்ட காக்ஸ்டனின் சொந்தக் கையா என்று மொழியறிஞர்கள் இருவரையும் சந்தேகிக்கிறார்கள். டச்சு மொழியிலிருந்து ரெய்னார்ட் என்ற நரியின் கதையை 1481-இல் அவரே மொழிபெயர்த்து அச்சிட்டார் என்பதால் முதலாளியை முழுக்க விடுதலை செய்ய எனக்கும் மனம் வரவில்லை. எப்படியோ, வாத்து, ஆடு, பெண்பிள்ளை எல்லாருக்கும் கிடைத்த அந்த எச், ஏறத் தகாத ஓர் இடத்திலும் ஏறிக்கொண்டது.

பழைய ஆங்கிலத்தில் ‘காஸ்ட்’ என்றொரு சொல் இருந்தது. பேய் என்று அதற்கு அர்த்தமில்லை. மூச்சு, உயிர், ஆன்மா என்றெல்லாம் அர்த்தம். தமிழில் ஆவி என்ற சொல் உயிருக்கும் பேய்க்கும் பொதுவாக நிற்பதுபோல அதுவும் மெல்ல மெல்ல விரிந்தது. கிறிஸ்தவம் வந்தபோது பரிசுத்த ஆவிக்கு அதுவே பெயராயிற்று. செத்தவர் திரும்பி வந்து நிற்கும் உருவத்துக்கு அது பெயரானது 14-ஆம் நூற்றாண்டில்தான். அதற்குள் உச்சரிப்பும் மாறி, நெட்டுயிரான ஆ, ஓ ஆகிவிட்டது. ஜி-ஓ-எஸ்-டி என்று, எச்சே இல்லாமல், சுத்தமாக எழுதிக்கொண்டிருந்தார்கள். அதே சொல்லின் ஃபிளெமிஷ் உறவினருக்குப் பெயர் ‘கேஸ்ட்’. ஜி-க்குப் பின்னால் எச், அப்புறம் இரண்டு ஈ. பக்தி நூல்களைக் கோர்க்கும்போது பரிசுத்த ஆவி பத்துப் பக்கத்துக்கு ஒரு முறையாவது வராமல் இருக்குமா? தன் ஊர் சொல்லைப் பார்த்த பழக்கத்தில் ஈய எழுத்துப் பெட்டியின் எச் அறைக்குள் விரல் போனது. கோஸ்டுக்குள் எச் குடிபுகுந்தது அப்படித்தான்.

இன்று உலகமெங்கும் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்து, மறந்து, அடிவாங்கிய அந்த ஓசையில்லாத எச், மொழியின் ஆழத்திலிருந்து வந்த தொல்லெச்சம் அல்ல. அயலூர்க்காரரின் கைப்பழக்கம். அதிலும் ஃபிளெமிஷ் விதிப்படியே பார்த்தாலும் அது வெறும் வீண் செலவு: அடுத்து வருவது ஈ அல்ல, ஓ. ஆனாலும் அதன் ஆயுள் அப்போது கெட்டி என்று யாரும் பந்தயம் கட்டியிருக்க மாட்டார்கள்.

ஏனென்றால் காக்ஸ்டன் 1490-களின் தொடக்கத்திலேயே இறந்துபோனார். விங்கின் அச்சகத்தை ஃபிளீட் தெருவுக்கு மாற்றிக்கொண்டு போனார். உள்ளூர்க் கைகள் தொழிலுக்கு வர வர, அந்நிய எச்சுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. வாத்து தன் எச்சை இழந்தது. ஆடும் பெண்பிள்ளையும் இழந்தார்கள். 1526-இல் வில்லியம் டின்டேல் புதிய ஏற்பாட்டை ஆங்கிலத்தில் அச்சிட்டபோது பரிசுத்த ஆவியின் பெயரில் எச் இல்லை. இரண்டு ஓ மட்டும் உட்கார்ந்திருந்தன. ஐம்பது வருடத்துக்குள் அந்த எழுத்தின் கதை முடிந்துபோனது போலத்தான் தெரிந்தது.

முடியவில்லை. வாத்தையும் ஆட்டையும் பெண்பிள்ளையையும் தினமும் பத்துப் பேர் கடிதத்திலும் கணக்கிலும் எழுதினார்கள். பழகிய கைகள் பழைய எழுத்தையே எழுதின. ஆவி அப்படியல்ல. அது வந்தது வேதநூலிலும் மேடையிலும். பார்க்கவே கொஞ்சம் அமானுஷ்யமாக நிற்கும் ஓர் எழுத்துக்கூட்டு அந்தச் சொல்லுக்குப் பொருத்தமாகப் பட்டதோ என்னவோ, 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எச் திரும்பி வந்துவிட்டது. 1603-இல் அச்சான ஹாம்லெட் நாடகத்தில் இறந்த அரசனின் ஆவி எச்சோடுதான் மேடையேறியது. அந்த ஆவி வேடத்தை ஷேக்ஸ்பியரே போட்டார் என்று, நூறு வருடம் கழித்து அவருடைய வாழ்க்கையை எழுதிய நிக்கலஸ் ரோ குறிப்பிட்டார். 1611-இல் ஜேம்ஸ் அரசரின் பைபிள் வந்தபோது பரிசுத்த ஆவியும் எச்சைத் திரும்பப் பெற்றிருந்தது. மேடையும் கோவிலும் சேர்ந்து ஒப்புக்கொண்ட பிறகு அதை அசைக்க ஆள் ஏது? அசைக்க முடியாததோடு, அது அக்கம்பக்கத்தையும் பிடித்துக்கொண்டது.

கோரமானது என்ற பொருளில் ‘காஸ்ட்லி’ என்றொரு சொல் உண்டு. விலை கூடிய காஸ்ட்லி அல்ல, ரத்தம் உறையவைப்பது. பயமுறுத்துவது என்ற பழைய வினைச்சொல்லிலிருந்து பிறந்தது. அதற்கு முதலில் எச் கிடையாது. கோஸ்டுக்கு வந்ததைப் பார்த்து அதற்கும் போட்டுவிட்டார்கள். திடுக்கிட்டுப்போவதைக் குறிக்கும் ‘அகாஸ்ட்’டுக்கும் அதேபோல் தொற்றியது, 1700-க்குப் பிறகு அங்கேயும் எச் நிரந்தரம். விருந்தாளியைக் குறிக்கும் ‘கெஸ்ட்’டும், ஊகிக்கும் ‘கெஸ்’ஸும் மயிரிழையில் தப்பின. அவற்றைக் காப்பாற்றியது பிரெஞ்சுக்காரர்களின் கைப்பழக்கம்: ஜி-யைக் கடினமாக ஒலிக்க அவர்கள் இடையில் யு போடுவார்கள். இரண்டு அந்நியப் பழக்கங்கள் மோதியதில் விருந்தாளி யு பக்கம் போனார், பேய் எச் பக்கம் நின்றது. பழைய ஆங்கிலமாக இருந்த இருவருக்கும் தங்கள் சொந்த எழுத்து மிஞ்சவில்லை. இதற்குள், கோஸ்டுக்குப் பக்கத்தில் வந்து உட்காரப்போகும் இன்னொரு சொல் வெனிஸ் நகரத்தில் பிறந்துவிட்டிருந்தது.

1516 மார்ச் மாதம் வெனிஸ் குடியரசு ஓர் ஆணை போட்டது. நகரத்து யூதர்கள் எல்லாரும் குறிப்பிட்ட ஒரு சிறு தீவில்தான் குடியிருக்க வேண்டும். இரவில் வாயில்கள் பூட்டப்படும். காவலுக்கான கூலியை அவர்களே தர வேண்டும். அந்தத் தீவில் முன்பு செம்பு உருக்கும் வார்ப்படச்சாலை இருந்தது. வார்ப்பதைக் குறிக்கும் வெனிஸ் சொல்லிலிருந்து அந்த இடத்துக்கு ‘ஜெத்தோ’ என்ற மாதிரி ஒரு பெயர் வழங்கியது. ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறிய யூதர்களின் வாயில் ஜெ நுழையாமல் கெ ஆனது என்பது பரவலான விளக்கம். இத்தாலிய எழுத்தில் ஜி-க்கு அடுத்து ஈ வந்தால் ஜெ என்றுதான் படிப்பார்கள். கெ என்று படிக்கவைக்க ஒரே வழி நடுவில் எச் போடுவது. ஆக, ‘கெட்டோ’வின் எச் சோம்பேறி எச் அல்ல, ஸ்பகெட்டியில் இருப்பதைப்போல உழைக்கிற எச். தாமஸ் கோரியட் என்ற ஊர்சுற்றி வெனிஸுக்குப் போய் வந்து 1611-இல் வெளியிட்ட பயணநூலில் அந்தச் சொல்லை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். அதே 1611-இல்தான் ஜேம்ஸ் அரசரின் பைபிளும் வந்தது. ஒரே வருடத்தில், ஒரே மாதிரித் தொடங்கும் இரண்டு சொற்கள், ஒன்றுக்கொன்று எந்த உறவும் இல்லாமல்.

அடுத்து ஊறுகாய் ஜாடி. 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் வினிகரில் ஊறவைத்த பிஞ்சு வெள்ளரியை ஆங்கிலேயர்கள் ருசி பார்த்தார்கள். கிரேக்கத்தில் தொடங்கி, ஸ்லாவிய மொழிகள் வழியாக டச்சுக்கு வந்து சேர்ந்த பெயரோடு அது லண்டனில் இறங்கியது. ஜி-க்கு அடுத்து ஐ போட்டு, எச் இல்லாமல்தான் முதலில் எழுதினார்கள். ‘ஜிர்கின்’ என்று யாராவது படித்துவிடுவார்களே என்ற பயமோ என்னவோ, பிறகு அதற்கும் ஓர் எச் கிடைத்தது. திண்டுக்கல் பக்கம் ஏற்றுமதிக்காக விளைவிக்கப்படும் அதே கெர்கின்தான். லண்டனில் 2004-இல் திறந்த கூர்முனைக் கண்ணாடிக் கட்டடத்துக்கும் ஊர்க்காரர்கள் அந்தப் பெயரையே சூட்டினார்கள். இதுவரை வந்தவையெல்லாம் ஐரோப்பிய எச்சுகள். பாலைவனத்து எச் வருவதற்கு ஒரு திருட்டு தேவைப்பட்டது.

வில்லியம் பெக்ஃபோர்ட் என்ற பெரும் பணக்கார இளைஞர், அரபுக் கதைகளின் மயக்கத்தில் ‘வாதெக்’ என்றொரு நாவலைப் பிரெஞ்சில் எழுதினார். அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கும் பொறுப்பைச் சாமுவேல் ஹென்லி என்ற பாதிரியாரிடம் கொடுத்தார். நான் சொல்லும்வரை வெளியிடக் கூடாது என்றும் சொல்லியிருந்தார். ஹென்லி காத்திருக்கவில்லை. 1786-இல் மொழிபெயர்ப்பு வெளிவந்தது. அட்டையில் பெக்ஃபோர்டின் பெயரே இல்லை. இந்தத் துரோகத்தின் பக்கவிளைவாக ஆங்கிலத்துக்கு ஒரு புதுப் பிசாசு கிடைத்தது: பிணம் தின்னும் ‘கூல்’. அப்போது அதற்கும் எச் கிடையாது. அரபியில் அந்தச் சொல்லின் முதலெழுத்து ‘கைன்’. தொண்டையில் உரசி வரும் இளகிய க. அதைக் காட்ட வேண்டும் என்று பின்னால் வந்த அறிஞர்கள் ஜி-யோடு எச்சைச் சேர்த்தார்கள். பேட்மேன் கதைகளின் வில்லன் ராஸ் அல் கூலின் பெயரிலும், இரண்டே முக்கால் நாளுக்கு மேல் ஆனதும் தவறாமல் ஒளி மங்கும் அல்கால் நட்சத்திரத்தின் பெயரிலும் இருப்பது அதே பிசாசின் தலைதான். வில்லனுக்கு எச் கிடைத்தது, நட்சத்திரத்துக்குக் கிடைக்கவில்லை. நட்சத்திரம் ஐரோப்பாவுக்குப் பல நூற்றாண்டுகள் முன்னால் வந்து சேர்ந்துவிட்டது. அப்போது அந்த எச்சைப் பற்றிக் கவலைப்பட ஆளில்லை.

கவலைப்படுகிறவர்கள் கல்கத்தாவில் கூடினார்கள். அங்கே நீதிபதியாக இருந்த சர் வில்லியம் ஜோன்ஸ் 1784-இல் ஆசியவியல் கழகத்தைத் தொடங்கினார். கழகத்தின் முதல் தொகுதியிலேயே, கீழை நாட்டுச் சொற்களை ரோமன் எழுத்தில் எப்படி எழுதுவது என்று ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். வடமொழியிலும் இந்தியிலும் க வரிசையில் நான்காவதாக மூச்சோடு வெடிக்கும் ஓர் ஒலி உண்டு. அதற்கு ஜி-யும் எச்சும் என்ற ஜோடி நிலைத்தது. இங்கே எச் அலங்காரம் அல்ல, உண்மையான மூச்சு. நெய்யைக் குறிக்கும் ‘கீ’, ஆற்றுப்படித்துறைக்கும் மலைத்தொடருக்கும் பொதுவான ‘காட்’ ஆகியவற்றின் எச் இதுதான். கஸல் கவிதையின் எச்சோ அரபு கைன். இரண்டு வெவ்வேறு ஒலிகளுக்கு ஒரே முகமூடி. சொந்த எழுத்தில் அந்த மூச்சொலி இல்லாத தமிழில் எல்லாமே வெறும் க ஆகிவிட்டதில் ஒரு நிம்மதி இருக்கிறது. காந்தியின் பெயரில் எச் எந்த எழுத்துக்குப் பின்னால் வரும் என்று வெளிநாட்டுப் பத்திரிகைகள் இன்றுவரை தடுமாறுகின்றன.

இப்படி நாலு திசையிலிருந்தும் வந்த பயணிகள் ஒரே ரயில் பெட்டியில் ஏறி உட்கார்ந்ததுபோல, அகராதியின் அந்த ஒரு பக்கம் நிரம்பியது. ஃபிளெமிஷ் கம்பாசிட்டர், வெனிஸ் யூதர், டச்சு ஊறுகாய்க்காரர், அரபுப் பிசாசு, வங்காளத்து நெய். ஆங்கிலேயர் வாயில் அத்தனைக்கும் ஒரே ஓசைதான்: கடினமான ஒரு ‘க’. 1755-இல் சாமுவேல் ஜான்சன் தன் அகராதியின் முகப்பில் சேர்த்த இலக்கணத்திலேயே இதை விதியாக எழுதிவிட்டார். அந்த ஜோடி சொல்லின் தொடக்கத்தில் வந்தால் கடினமான ஜி. நடுவிலும் கடைசியிலும் சில வேளை ஊமை, சில வேளை ஃப. அந்த நடு, கடைசி விவகாரம் தனிக் கதை. ‘நைட்’டிலும் ‘டாட்ட’ரிலும் ‘லாஃப்’பிலும் பழைய ஆங்கிலேயர் உண்மையாகவே ஒலித்துவந்த தொண்டையொலியைக் காட்ட நார்மன் எழுத்தர்கள் போட்ட ஜோடி அது, ஒலி செத்த பிறகும் எழுத்து நின்றுவிட்டது. அதற்கும் பேயின் எச்சுக்கும் சம்பந்தமில்லை. விதி தெளிவாகவே இருந்தது. நூறே வருடத்தில் அதை ஒருவர் கவிழ்க்கப் பார்த்தார்.

1855 டிசம்பரில் சார்ல்ஸ் ஆலியர் என்ற பதிப்பாளர் தன் நண்பரான எழுத்தாளர் லீ ஹன்ட்டுக்கு எழுதிய கடிதத்தில், மகன் வில்லியம் கண்டுபிடித்த ஒரு வேடிக்கையைச் சொன்னார். மீன் என்பதற்கான ‘ஃபிஷ்’ஷை ஜி-எச்-ஓ-டி-ஐ என்றும் எழுதலாமாம்! ‘எனஃப்’பின் கடைசியில் ஜி-யும் எச்சும் ஃப, ‘விமென்’னில் ஓ, இ ஆகிறது, ‘நேஷ’னில் டி-யும் ஐ-யும் ஷ. மூன்றையும் ஒட்டினால் மீன் தயார். ஆங்கில எழுத்துக்கூட்டின் கிறுக்குத்தனத்துக்கு இதைவிடச் சுருக்கமான சாட்சி கிடையாது என்று ஊரெல்லாம் சிரித்தது. பிற்காலத்தில் இந்தப் பெருமையைத் தூக்கி பெர்னார்ட் ஷாவின் தலையில் வைத்தார்கள். எழுத்துச் சீர்திருத்தத்துக்காகப் பணத்தையே எழுதிவைத்துப் போனவர் என்பதால் எல்லாரும் நம்பினார்கள். கடிதம் எழுதப்பட்டபோது ஷா பிறக்கவே இல்லை. அடுத்த வருடம் ஜூலையில்தான் பிறந்தார்.

வேடிக்கை நல்ல வேடிக்கைதான். ஆனால் அது செல்லாத காசு. சொல்லின் தொடக்கத்தில் நிற்கும் அந்த ஜோடியை எந்த ஆங்கிலேயரும் ஒருபோதும் ஃப என்று படித்ததில்லை. ஆங்கிலத்தில் நம்பத்தக்க விதிகள் சொற்பம். அவற்றில் உறுதியான ஒன்று இது. கைத்தவறால் தொடங்கிய எழுத்துதான் கடைசியில் எல்லாரையும் விட ஒழுங்காக நடந்துகொண்டது. அந்த விதியைக் கேட்டு நடந்த கடைசிப் பெரிய விருந்தாளி ஒரு நாடு. 1957 மார்ச் 6 அன்று பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்து விடுபட்ட கோல்ட் கோஸ்ட், பழைய மேற்கு ஆப்பிரிக்கப் பேரரசு ஒன்றின் நினைவாகக் ‘கானா’ என்று பெயர் சூட்டிக்கொண்டது. அந்தப் பேரரசைப் பற்றி எழுதிவைத்த அரபு நிலவியலாளர்கள் அதைக் கைன் எழுத்தில் தொடங்கியிருந்தார்கள். ஐக்கிய நாடுகள் சபையின் பெயர்ப்பலகையில் எச் இப்படித்தான் ஏறியது.

எச்சை ஏற்றுமதி செய்த ஊரில் இதற்குள் நிலைமை தலைகீழ். டச்சுக்காரர்களும் ஃபிளெமிஷ்காரர்களும் தங்கள் எழுத்தைச் சீர்செய்தபோது அந்த எச் வேண்டாத சுமை என்று தூக்கி எறிந்துவிட்டார்கள். இன்று அவர்கள் ஆவியை எச் இல்லாமல்தான் எழுதுகிறார்கள். ப்ரூஜுக்குப் பக்கத்திலிருக்கும் கென்ட் நகரத்தின் (காக்ஸ்டன் பிறந்த கென்ட் அல்ல) பெயரும் உள்ளூர்ப் பலகைகளில் எச் இல்லாமல் நான்கெழுத்தில் நிற்கிறது. அதே ஊரை ஆங்கில வரைபடங்களில் தேடினால் எச்சோடு ஐந்தெழுத்தில் கிடைக்கும்.

வில்லியம் ஆலியரின் மீனுக்கும் ஒரு விமோசனம் வந்தது. ஸ்டார் ட்ரெக் படங்களில் வரும் கிளிங்கான் என்ற வேற்றுக்கிரகவாசிகளுக்கு மார்க் ஓக்ரண்ட் என்ற மொழியியலாளர் 1980-களில் ஒரு முழு மொழியையே உருவாக்கிக் கொடுத்தார். அதில் ஜி-யும் எச்சும் சேர்ந்தால் ஒரே எழுத்து. அதன் உச்சரிப்பு கடினமான க அல்ல, ஃப-வும் அல்ல. தொண்டையில் உரசி வரும் இளகிய க, அதாவது அரபுக்காரரின் கைன். அந்த மொழியில் மீனுக்கு அவர் வைத்த பெயர் ஜி-எச்-ஓ-டி-ஐ, கடைசியில் ஒரு சிறு மேற்குறியோடு.